மணிக்கு ஒரு டம்ளர்

தலைஞாயிற்றுக்குத் தெற்கே
தண்ணீர் வரும் என்று சொன்ன தேதிக்குப்
பதினோரு நாள் கழித்தும்
வாய்க்காலில் நண்டு வளைதான் இருந்தது.
அதனால் எனக்கு வேலை இருந்தது.

என்னிடம் ஒரு டீசல் என்ஜின்.
மணிக்கு இருநூற்றைம்பது, டீசல் உங்களுடையது.
வண்டியில் ஏற்றிப்போய் வடிகால் கரையில் இறக்கிக்
கைப்பிடி போட்டுச் சுற்றினால்
முதலில் அது இருமும்.
அப்புறம் நான்.

ஆறு பருவம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.
மூக்கைச் சிந்தினால் மை.
சோற்றுத் தூக்கைப் புகை வராத பக்கம்தான் வைப்பேன்;
காற்று என்ன வாடகைக்கா வருகிறது,
சொன்ன திசையில் நிற்க?

சைலன்சர் ஓட்டைக்குப் பற்றவைக்கப் போன அன்று
ஹாஜா மைதீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னான்:
"அக்கா, கரியை வைத்தே கரியைப் பிடிக்கலாம்."
யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த தண்ணீர் ஃபில்டரைப்
பிரித்துப் பார்த்திருக்கிறான்.
உள்ளே, கொட்டாங்கச்சிக் கரி.
"அங்கே ஆயிரக்கணக்கில் விலை. இங்கே குப்பை."

குப்பையில் ஆரம்பித்தோம்.
மில்லில் உமிக்கரி கேட்டதும்
அள்ளிக்கொண்டு போங்கள் என்றார்கள்,
சாக்கும் அவர்களே தந்தார்கள்.
தகரப் பெட்டியில் திணித்து மாட்டினால்
எண்ணிப் பத்து நிமிடம்,
என்ஜின் மூச்சு முட்டி நின்றது.
மாவுக்குள் மூச்சு விட முடியாதென்று
அதற்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை.
கலியமூர்த்தியின் நாற்றங்கால்
பாதி நனைந்து பாதி வெடித்துக் கிடந்தது.
அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கொட்டாங்கச்சியை எரித்து
வேர்க்கடலை அளவுக்கு உடைத்துப் போட்டோம்.
மூச்சு வந்தது.
இருட்டியபின் பார்க்கிறேன்,
சல்லடைக்குள் சிவப்பாக ஏதோ கண் விழிக்கிறது.
வருவது கொதிக்கும் புகை, கரி கரிதானே,
பற்றிக்கொண்டது.
பெட்டியோடு வடிகாலில் தள்ளினேன்.
உஸ்ஸென்று அது சொன்னதும்
கலியமூர்த்தி சொன்னதும்
ஏறக்குறைய ஒன்றுதான்.

பிறகுதான் தண்ணீர் டிரம்.
குழாயை அதற்குள் மூன்று சுற்று சுற்றிவிட்டான் ஹாஜா.
புகை ஆறி அடங்கி
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர் மாதிரி
கரிக்குள் நுழைந்தது.

குழாய் வாயில் வேட்டித் துண்டைக் கட்டிப் பார்த்தோம்.
முன்பெல்லாம் அரை மணியில் அது அடுப்படித் துணி.
இப்போது, அழுக்குத் தண்ணீரில் அலசிய வெள்ளை.
முழு வெள்ளை என்று பொய் சொல்ல மாட்டேன்.
நாற்றம் கொஞ்சம் இருக்கிறது.
டீசல் மணிக்கு ஒரு டம்ளர் கூடுதலாகக் குடிக்கிறது,
அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்.
தையல்நாயகி என்ஜின் வருகிறதென்றால்
மூக்கே சொல்லிவிடும் என்றவர்கள்
இப்போது அந்த ஒரு டம்ளரைச் சொல்கிறார்கள்.
வாடகையில் கழித்துக்கொள்கிறேன்.

நாற்பது மணி நேரம் ஓடியபின் கரியைக் கொட்டி
இரண்டு நாள் வெயிலில் காயவைத்து
உரக்கடைத் தராசில் வைத்தேன்.
போட்டதைவிட நூற்றுப்பத்து கிராம் அதிகம்.
"என்னம்மா சரக்கு?" என்றார் கடைக்காரர்.
ஒரு கைப்பிடி அரிசி எடைதான்.
ஆறு பருவத்தை அந்தக் கைப்பிடியால்
பெருக்கிப் பார்க்கத் தொடங்கினேன்.
முடிக்கவில்லை.

பிடித்ததை எங்கே போடுவது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.
கரி மண்ணுக்கு நல்லதாமே என்று
கலியமூர்த்தி வயலுக்குக் கேட்டார்.
கொடுக்கவில்லை. இது தின்றது வேறு.
சூளையில் போட்டால் திரும்பக் காற்றுக்கே போகும்.
மூன்று மூட்டை சேர்ந்துவிட்டது.
வாய் தைத்துக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன்.
ஹாஜா மேலே பெயின்டில் எழுதினான்: தொடாதே.

நேற்று ராத்திரி தண்ணீர் வந்துவிட்டது,
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாக.
இனி சில வாரம் என்ஜினை யாரும் தேட மாட்டார்கள்.
காலையில் கொட்டகையைத் திறந்தேன்.
விதைநெல் சாக்கில் இரண்டு ஓட்டை.
பக்கத்திலேயே அந்த மூன்று மூட்டை.
எலி முகர்ந்துகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை.